அக்கா, நான் கப்பலேறப் போவதில்லை

ஐஸ்லாந்தின் கிழக்குக் கரையில் குடியிருக்கும் அன்பு அக்கா மார்யுனுக்கு, பரோயே தீவுகள், எல்டுவிக் ஊரிலிருந்து தம்பி ஹானுஸ் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், என் வீட்டுக்காரி சுன்னேவா நலம், ஆடுகள் நலம், மழையும் குறைவில்லாமல் நலம். அங்கே நீயும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க வேண்டும். அத்தான் தோர்கெய்ரும் நலமாக இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. இதை உனக்குப் படித்துச் சொல்லப்போகும் உன் மகள் ஹெல்காவுக்கு ஒரு வார்த்தை: எதையும் விடாமல் சத்தமாகப் படி கண்ணு, முக்கியமாக உன் அப்பா பக்கத்தில் இருக்கும்போது.

உன் கடிதம் கிடைத்தது. கண்ணுக்கு நடுவில் கரும்புள்ளி ஒன்று விழுந்து பரவுகிறது, கிறிஸ்துமஸ் வருவதற்குள் முகங்கள் தெரியாமல் போய்விடும் என்று மருத்துவர் சொன்னதாகவும், அதற்குள் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், இந்தக் கோடையிலேயே கப்பலேறி வா என்றும் எழுதியிருக்கிறாய். ஐஸ்லாந்து மருத்துவர்கள் எதையும் பெரிதுபடுத்துகிறவர்கள். தவிர, நீ எப்போது நன்றாகப் பார்த்தாய்? சின்ன வயதில் மூடுபனியில் வந்த பாதிரியாரைக் கிடா என்று நினைத்துக் கல்லெடுத்து விரட்டியவள்தானே. ஆனாலும் சுன்னேவா கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எப்பக் கிளம்புற?" என்று கேட்டாள். "எங்க?" என்றேன். "எங்கயா? நெஞ்சுல கல்லா வச்சிருக்க?" என்றாள். அவள் வாய்க்குப் பயந்துதான் கப்பல் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன்.

அங்கே ஒரு பெண். "வண்டி எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம்?" என்றாள். "வண்டியே இல்லம்மா" என்றேன். "அப்ப உங்ககூட யாரு வர்றாங்க?" "ஒரு ஆட்டுத்தொடை." "உயிரோடயா?" "போன அக்டோபர்லேர்ந்து காத்துக்கொட்டகையில தொங்குது. நீயே முடிவு பண்ணிக்கோ." "ஐயா, சமைக்காத இறைச்சியை ஐஸ்லாந்துல இறக்க விடமாட்டாங்க." "சமைக்கறதா? அது காத்துலயே வெந்தது. அப்ப அக்கா வீட்டுக்கு வெறுங்கையோட போகச் சொல்றியா?" "வெறுங்கைக்குத் தடை இல்லைங்க" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள், கேட்டது. நம் மலைப்புல் தின்று, நம் உப்புக்காற்றில் மாதக்கணக்கில் தொங்கி, வீடு முழுக்க மணக்கும் தொடையை ஒரு நாடு வேண்டாம் என்கிறதென்றால், அந்த நாட்டில் போய் நான் என்ன செய்ய?

அதோடு விட்டாளா? ஜன்னல் இல்லாத அறைதான் மிச்சம் இருக்கிறதாம், கீழ்த்தளத்தில், வண்டிகள் நிற்கும் தளத்துக்கும் கீழே. கண் விழித்ததும் வானத்தைப் பார்த்து அன்றைய காற்றைச் சொல்லுகிறவன் நான். தண்ணீருக்கு அடியில் படுத்துக்கொண்டு எந்த வானத்தைப் பார்ப்பது? போகட்டும் என்றால், கப்பல் உங்கள் துறைமுகத்தில் சில மணி நேரம்தான் நிற்குமாம். அதற்குள் திரும்பி ஏற வேண்டும், இல்லாவிட்டால் மறு கப்பலுக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். சில மணி நேரம் என்றால் அது உறவாட வந்த மாதிரி இராது, தபால் கொடுக்க வந்த மாதிரி இருக்கும். ஒரு வாரம் என்றால் அத்தானோடு ஒரு வாரம்! உங்கள் கல்யாணத்தன்று அவர் என் கிடாவை எல்லார் முன்னாலும் "இது முயலா?" என்று கேட்டார். அதற்கு இன்னும் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் காத்திருக்கிறேன். ஹெல்கா, இந்த இடத்தை இன்னொரு முறை படி.

எனக்கு ஒழிவுதான் ஏது? வசந்தத்தில் ஆடு குட்டி போடும், கோடையில் கம்பளி எடுக்க வேண்டும், அதை விட்டால் வைக்கோல், அதை விட்டால் ஆடறுப்பு, பிறகு குளிர்காலம் முழுக்கக் காற்று வேலியைப் பிடுங்கும், நான் நட்டுக்கொண்டே இருப்பேன்.

ஒன்று மட்டும் சொல்லுகிறேன், சுன்னேவாவிடம் சொல்லிவிடாதே. அந்தக் கப்பல் வாரந்தோறும் நம் ஊருக்கு எதிரே கடந்து போகிறது. முதலில் மலைமுனையில் வெள்ளையாக ஒரு மூக்கு தெரியும். பிறகு வரும், வரும், வந்துகொண்டே இருக்கும். ஒரு தெருவே நழுவிப் போவது போல. நான் மேய்ச்சல் வேலிக்குப் போய் ஆணி அடிப்பது போல நின்று பார்ப்பேன். அவ்வளவு இரும்பு எப்படி மிதக்கிறது என்று அறிய நானே புத்தகம் வாங்கிப் படித்தேன். பள்ளிக்கூடத்தை நம்பாமல் வானொலிப்பெட்டியைப் பிரித்துப் பிரித்து மின்சாரம் கற்ற எனக்கு இது புரியாதா? நன்றாகப் புரிந்தது. நம்பத்தான் முடியவில்லை. இளவயதில் கிரீன்லாந்துக் கடலில் மீன் பிடித்தவன்தான், ஆனால் அந்தப் படகில் அலையும் நானும் ஒரே உயரம், ஒருவரை ஒருவர் மதித்தோம். இது கடலையே கீழே வைத்துப் பார்க்கிற கப்பல். அது போன பிறகும் நெடுநேரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். எப்போது கழற்றினேன் என்று தெரியாது.

ஆகவே யோசித்து முடிவு செய்துவிட்டேன். நான் வரவில்லை. என் முகம் பெரிதாக மாறிவிடவில்லை. பழையதையே நினைவில் வைத்துக்கொள். மூக்கு மட்டும் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.

உன் கண்ணுக்கு ஆண்டவர் துணை இருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அத்தானுக்கு, மன்னிப்புக் கேட்டபின், வணக்கம்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத உன் தம்பி
ஹானுஸ்

பின்குறிப்பு: ஊருக்கு வரும் தபால்காரனோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அதனால் கடிதத்தை மிக்கியாலிடம் கொடுத்தனுப்ப நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரன், புது மீன்வலைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு அதே கப்பலில் ஐஸ்லாந்து போகிறவன். "தலைநகர்த் துறைமுகம் வரைக்கும் வா ஹானுஸ், கப்பலைக் கிட்டத்துல பாரு" என்றான். சுன்னேவா முந்தின நாளே தலைநகரில் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் காபி போட ஆளில்லை. போனேன்.

கரையில் நின்று அண்ணாந்தேன். கழுத்து வலித்தது, கப்பல் முடியவில்லை. மிக்கியால் லாரியை நிறுத்தாமல் அதன் வாய்க்குள் ஓட்டிவிட்டான். "ஒரு காபி குடிச்சுட்டு எறங்கிக்கோ" என்றான். உள்ளே வந்தவன் காபி குடிக்காமல் போனால் வீட்டுக்காரரோடு சண்டை என்று அர்த்தம், கப்பலானால் என்ன? மேலே போனேன். சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னலோரம் சுன்னேவா உட்கார்ந்திருந்தாள். எதிரில் இரண்டு கோப்பை.

"வந்துட்டியா? ஆறிப்போகுது, உக்காரு."

"நீ எங்கடி இங்க?"

"நாலு நாளா நீ எழுதினயே, அதுல எவ்வளவு பொய்ன்னு பார்க்க வந்தேன். குடி."

குடித்தேன். ஒரு கோப்பையோடு எழுந்தால் காபி நன்றாயில்லை என்று ஆகிவிடும் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். இரண்டாவதை அவள் ஊற்றினாள். அவ்வளவு மெதுவாக எந்த மனுஷியும் காபி ஊற்றி நான் பார்த்ததில்லை. பாதி குடித்தபோது ஜன்னலுக்கு வெளியே தலைநகரம் நகர்ந்தது. வீடுகள், மரக்கலங்கள், தேவாலயக் கோபுரம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் போயின. ஊர் எங்கே போகிறது என்று எழுந்துவிட்டேன். சுன்னேவா என் டிக்கெட்டை மேசையில் வைத்தாள். ஜன்னல் உள்ள அறை.

"ஆடு?" என்றேன்.

"மிக்கியாலோட தம்பி பார்த்துப்பான். அதுங்க உன்னைவிட விவரம்."

மேல்தளத்துக்குப் போய்விட்டேன். இந்த வெளிச்சத்தை எப்படி எழுதுவது அக்கா! மலைகள் இருபுறமும் ஒதுங்கி வழி விட்டன. அப்புறம் எல்டுவிக் வந்தது. நான் ஆயுள் முழுக்கக் காவல் காத்த மலை என் உள்ளங்கைக்குள் அடங்கியது. ஆடுகள் சிதறிய பார்லி மணிகள். நான் நிற்கும் வேலியும் தெரிந்தது. அங்கே யாரும் இல்லை. தொப்பியைக் கழற்றி அந்த வேலிக்குக் கையசைத்தேன். ஏன் என்று தெரியாது. சுன்னேவா பக்கத்தில் வந்து நின்று, அவளும் கையசைத்தாள்.

தொடை கொட்டகையிலேயே தொங்குகிறது. சட்டம் சட்டம்தான். நாளைக் காலை வெறுங்கையோடு வந்து இறங்குகிறேன், இந்தக் கடிதம் மட்டும் என் பையில். ஹெல்கா, நீ படிக்க வேண்டாம் கண்ணு, என் கையெழுத்து உனக்குப் புரியாது. நானே படிக்கிறேன். அக்கா, நீ ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார், வெளிச்சம் என் முகத்தில் விழட்டும். அவசரமில்லை, நன்றாகப் பார். நான் மெதுவாகப் படிக்கிறவன், எனக்கு ஒரு வாரம் ஆகும்.