பொந்தர் தராத கலியாண முருங்கைக் கொப்பு

மல்லாவிப் பக்கத்தில் பட்ட மரத்துக்காக ஊரையே பகைத்த மனிதர் பொந்தர் ஒருவர்தான். வயல் மூலையில் அரை ஏக்கரை உழாமல் விட்டு, பாலையும் வீரையும் நாவலும் வளர்த்தார். விழுந்த கொப்புகளைக் கீரிக்கும் முயலுக்குமென்று குவித்து வைப்பார். பொந்து விழுந்த மரத்தில் மட்டும் எவன் கத்தியும் படக்கூடாது. பெயர் அப்படி வந்ததுதான்.

ஒருமுறை பக்கத்து வயல்காரர் விறகு அரிய வாளோடு வந்தார். காய்ந்த பாலையை மறித்துக்கொண்டு பொந்தர் நின்றார்.

"இதுக்குள்ளை குடியிருக்கினம்."

"ஆர்?"

"ஆந்தை. புருசனும் பெண்சாதியும். உம்மடை வயலிலை எலி பிடிக்கிறதும் அவைதான். ஏலுமெண்டால் இனி நீர் பிடியும்."

வாள் திரும்பிப் போயிற்று.

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த நான், அக்காவின் கலியாணத்தில் மாட்டிக்கொண்டேன். பந்தலின் முதற்காலான கன்னிக்கால் ஊன்றக் கலியாண முருங்கைக் கொப்பு வேண்டும். எங்கள் வேலி மரங்கள் நோய் பிடித்துப் பட்டுப்போயிருந்தன. ஊரில் மிஞ்சியது பொந்தரின் வேலியில் நின்ற ஒரு முருங்கைதான். மறுநாள் காலை ஒன்பதுக்குள் நல்ல நேரம். பெரியப்பாவும் நானும் கத்தியோடு போனோம்.

பொந்தர் வாயில் விரலை வைத்தார்.

"மெதுவாக் கதையுங்கோ. மேலை கொண்டைக்குருவி மூண்டு குஞ்சோடை இருக்கு. கலியாணத்தை ரெண்டு கிழமை தள்ளுங்கோ."

"ஐயர் நாள் வைச்சிட்டார்" என்றார் பெரியப்பா. "கூடு இல்லாத கொப்பை வெட்டுறம்."

"மரம் ஆடினால் தாய் வராது. ஐயரை இஞ்சை அனுப்புங்கோ, நான் காட்டிறன். அவருக்கு விளங்கும்."

பெரியப்பா வழிநெடுகத் திட்டினார். கால் ஊன்றாமல் எப்படிப் பந்தல் போடுவது என்று அம்மா அழுதார். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்கு வந்த ஆத்திரத்தில், பொந்தரின் அரை ஏக்கரையும் மனதுக்குள் தறித்து முடித்தேன்.

காலை எட்டரைக்குச் சைக்கிள் கரியரில் பச்சைக் கொப்பொன்றைக் கட்டியபடி பொந்தர் வந்து இறங்கினார். முழங்கால் வரை சேறு. விடியமுன் வெளிக்கிட்டு ஜெயபுரம் போய் வந்திருக்கிறார்.

"பிந்திப்போச்சு. அங்கையும் கூடு இருக்கோவெண்டு மரம் மரமாப் பாத்தனான்."

கால் ஊன்றியாயிற்று. அம்மா சாப்பிடச் சொல்ல, குஞ்சுகள் தனிய என்று ஓடிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் எனக்குப் போன் வந்தது.

"தம்பி, மூண்டும் பறந்திட்டுது. கொக்காட்டைச் சொல்லும். இனிக் கொப்பு வேணுமெண்டால் வெட்டலாம்."

விசுவமடுவில் புகுந்த வீட்டில் இருந்த அக்காவுக்கு உடனே சொன்னேன். "மூண்டுமோ?" என்று கேட்டவள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

இப்போது சந்தையில் யாராவது அவரை விசரன், பைத்தியம் என்றால் எனக்குப் பொல்லாத கோபம் வருகிறது.