மாப்பிள்ளை வீட்டு நெல் பூத்தபோது

கல்யாணம் பேசி முடித்த பெண் அழுதால் யாரும் காரணம் கேட்பதில்லை. அவர்களே ஒன்றை முடிவு செய்துகொள்கிறார்கள். என் விஷயத்தில் நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

நான் காரைக்குடியில் டவுனுக்குள்ளேயே வளர்ந்தவள். கார்த்திகை மாதம் ஒரு காலையில், மானகிரியில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க அம்மாவோடு போனேன். (பெண் வரக்கூடாது என்றார்கள். நான் யார் பேச்சைக் கேட்டேன்!) வீட்டை ஒட்டியே நெல்வயல். காபியைக் கையில் வாங்கியதும் மூக்கு அரித்தது. அடுத்து தும்மல். அப்புறம் கண்ணீர், கண்மாய் மடையைத் திறந்துவிட்ட மாதிரி.

மாப்பிள்ளையின் அம்மா எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உனக்கு விருப்பமில்லேன்னா இப்பவே சொல்லிரு தாயி. நாங்க ஒண்ணும் நினைக்க மாட்டோம்."

"இல்லத்தை, எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இல்ல" மட்டும் வந்தது. மீதியைத் தும்மல் கொண்டுபோய்விட்டது.

காரில் அம்மா, யாருடி அந்தப் பையன் என்று கேட்டார். எந்தப் பையனும் இல்லை என்றேன். ஆனால் எனக்கே குழப்பம். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது, அவர் வீட்டுக்குப் போனால் மட்டும் அழுகிறேன். உள்மனது ஏதோ சொல்கிறதோ? அது மூக்கு வழியாகவா சொல்லும்?

மாப்பிள்ளை நேரில் பேசலாம் என்று கூப்பிட்டார். வயல் ஓரமாக நடந்தபடி, என்னைப் பிடிக்கவில்லையா என்று கேட்டார். பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே பொலபொலவென்று கண்ணீர் விட்டேன். பாவம், கைக்குட்டையை நீட்டிவிட்டு ஒதுங்கி நின்றார்.

கடைசியில் டாக்டரிடம் போய், மாப்பிள்ளையைப் பார்த்தால் இப்படி ஆகிறது என்றேன். அவர் சிரிக்காமல், எங்கே வைத்துப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். நெல் பூக்கும்போது மகரந்தத் தூள் காற்றில் பறக்குமாம், முற்பகலில்தான் அதிகமாம், எனக்கு அது ஒவ்வாமையாம். அப்படியானால் சோறு? சோறு தாராளமாகச் சாப்பிடலாம் என்றார். பயிர் பூத்திருக்கும் வாரங்களில் ஜன்னலைச் சாத்தி வைக்க வேண்டும், வெளியே போனால் மாஸ்க், திரும்பி வந்ததும் முகம் கழுவ வேண்டும் என்று சொல்லி மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

அம்மா அன்றே மானகிரிக்குப் போன் போட்டார். "சம்பந்தி, தப்பா எடுத்துக்கிறாதீக. மாப்பிள்ளைய அவளுக்குப் பிடிச்சிருக்கு. ஒங்க வயக்காடுதான் ஒத்துக்கலயாம்."

அறுவடை முடிந்த பிறகு கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் கண் கலங்கினாலும் "அழுகையா, வயக்காடா?" என்றுதான் கேட்பார்கள். போன பங்குனியில் கணவரோடு சண்டை போட்டுவிட்டு அடுப்படியில் நின்று நிஜமாகவே அழுதேன். அத்தை வந்து அதையே கேட்டார். வயக்காடு என்றேன். வெளியே வெறும் தரிசு, ஒரு கதிர் கிடையாது. அத்தை ஜன்னல் வழியாக வயலை எட்டிப் பார்த்தார். நேரே போய்த் தன் மகனுக்குக் கொடுத்தார் பாருங்கள், ஒரு டோஸ்.