பாசியம்மா சொன்ன பதில்

வரிசை மருந்துக்கடையைத் தாண்டி, சலவைக்கடையைத் தாண்டி, பேருந்து நிறுத்தம்வரை நீண்டு கிடந்தது. பேருந்துக்காக நின்றவர்களும் என்ன ஏது என்று தெரியாமலேயே அதில் சேர்ந்துகொண்டார்கள். இத்தனை பேர் நின்றால் முன்னால் ஏதாவது கொடுக்காமலா இருப்பார்கள்?

கொடுத்தார்கள். பதில் கொடுத்தார்கள். கொடுத்தது ஒரு நீர்ப்பாசி.

இருட்டறை, அதில் ஒரு மேசை. மேசைமேல் தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குடுவை, அதற்குள் ஒரு கொத்துப் பாசி, பாசிக்கு மேல் கவிழ்த்துவைத்த புனல். பக்கத்தில் ஒரு மேசை விளக்கு, அதன் பின்னால் குமிழிச் சாமியார். கேள்வி கேட்டால் பாசியம்மா மூச்சு விடுவாள். குமிழி வந்தால் ஆமாம், நின்றால் இல்லை. கொஞ்சம் தாமதமானால் அம்மா யோசிக்கிறாள் என்று அர்த்தம். கேட்க வந்தவர்கள் வீட்டிலேயே யோசித்திருந்தால் பாசிக்கு அந்தச் சிரமம் இருந்திருக்காது.

வரிசையில் தையற்காரரும் அவர் மகளும் நின்றார்கள். அவள் கையில் கல்லூரி அனுமதிக் கடிதம் வைத்த அட்டைக்கோப்பு இருந்தது. சேர்வதற்கு நாளை கடைசி நாள்.

"அப்பா, நான் படிக்கலாமா வேணாமான்னு ஒரு பாசிகிட்டயா கேப்பாங்க?"

"நம்ம குடும்பத்துல யாரு காலேஜுப் பக்கம் போயிருக்கா? நான் யார்கிட்டம்மா போய்க் கேப்பேன்?"

அவள் கோபத்தோடு வரிசையை எட்டிப் பார்த்தாள்.

முன்னால் பார்த்தால், அவளுடைய உயிரியல் டீச்சர்! பணிமாற்றம் கிடைக்குமா என்று கேட்க வந்திருந்தார்.

"மிஸ், இது ஒளிச்சேர்க்கைப் பரிசோதனை மிஸ். பாசி, புனல், விளக்கு… நீங்கதானே நடத்துனீங்க!"

"அது பாடத்துல வர்ற செடிம்மா," என்றார் டீச்சர் கனிவாக. "இது வேற."

குறை சொல்ல முடியாது. இந்தப் படத்தை வரைந்து பாகங்களைக் குறிக்காமல் ஊரில் ஒருவரும் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்ததில்லை. ஆனால் செய்துபார்த்தவர் யார்? ஆய்வகம் அதிகாரி வரும்போது திறக்கும், அவர் போனதும் மூடும். குமிழிக் கணக்கைப் போன வருடத்து மாணவரின் நோட்டைப் பார்த்து இந்த வருடத்து மாணவர் எழுதுவார். ஆக, பரிசோதனை நேரில் வந்து நின்றபோது ஊருக்கே அடையாளம் தெரியவில்லை. கும்பிட்டுவிட்டார்கள்.

அவள் மட்டும் ஒருநாள் பாடத்தை அப்படியே நம்பாமல் வீட்டிலேயே செய்துபார்த்தாள். ஜாம் பாட்டில், குளத்துப் பாசி, தையல் மெஷின் விளக்கு. விளக்கைக் கிட்டே வைத்தால் குமிழி சரசரவென்று வந்தது. தள்ளி வைத்தால் படுத்துவிட்டது. 'துணிக்குத்தான் விளக்கு, தண்ணிக்கு எதுக்கு?' என்று அப்பா சத்தம் போட்டார்.

முறை வந்தது. பதில் வாங்கியவர்களும் போகாமல் அறையிலேயே சுற்றி நின்றார்கள். அப்பா கைகூப்பிக் கேட்டார்: "தாயே, இவ வெளியூர் போய்ப் படிக்கலாமா?"

சாமியார் பாசியைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைப் பார்த்தார். எந்தப் பதிலுக்கு அந்த முகம் ஏங்குகிறது என்று படித்துக்கொண்டார். ஊரிலேயே ஒழுங்காகப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

"அம்மாவுக்குக் கண்ணு கூசுது," என்று விளக்கைப் பின்னால் இழுத்தார். குமிழி தளர்ந்தது. நின்றது.

"வேண்டாங்குறா!"

அப்பா பெருமூச்சு விட்டார். அது துக்கப் பெருமூச்சாக இல்லை.

"நானும் கேக்கணும்," என்றாள் மகள். யாரும் தடுப்பதற்குள் விளக்கைக் குடுவைக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். "பாசியம்மா, ரெண்டும் ரெண்டும் அஞ்சா?"

பாசியம்மா யோசித்தாள். பிறகு குமிழிகள் பொலபொலவென்று வந்தன.

கூட்டம் கலங்கியது. "இருக்கும்," என்றார் வங்கிக் காசாளர். "எங்க கவுன்டர்ல சிலநேரம் அப்படித்தான் வருது."

"எங்கப்பா ஒரு ஆட்டுக்குட்டியா?"

குமிழி நிற்கவே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அப்பா தலையில் கொம்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

அவள் அட்டைக்கோப்பை விளக்குக்கும் குடுவைக்கும் நடுவே பிடித்தாள். "கடைசிக் கேள்வி. இந்தச் சாமியார் யோக்கியமானவரா?"

அறை மூச்சைப் பிடித்துக்கொண்டது. பாசியும் பிடித்துக்கொண்டது. ஒரு குமிழி வந்தது, இன்னொன்று சோம்பலாக வந்தது. அதோடு சரி.

"செடி பொய் சொல்லுதுய்யா!" என்று அலறினார் சாமியார்.

அலறிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

"செடி பொய்யும் சொல்லல, உண்மையும் சொல்லல," என்றாள் அவள். "வெளிச்சம் பட்டா சாப்பாடு செய்யுது, ஆக்சிஜன் விடுது. மறைச்சா நிறுத்திடுது. உங்க கேள்வி அதுக்குக் கேக்கவே கேக்காது. நம்பலேன்னா கையை வச்சு மறைச்சுப் பாருங்க."

டீச்சர் மறைத்துப் பார்த்தார். கையை எடுத்தார். மறுபடி மறைத்தார். "அட, நிஜமாவே நடக்குதே!" இத்தனை வருடம் நடத்திய பாடத்தை அவர் அன்றுதான் பார்த்தார்.

"அப்போ சக்தி விளக்குலதான் இருக்கு!" என்றார் காசாளர். நாலைந்து பேர் விளக்கைப் பார்த்துக் கைகூப்பினார்கள்.

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். "இப்ப யாரைக் கும்பிடப் போறீங்க? சுவிட்சையா?"

அந்த இருட்டில் சாமியார் பின்கதவைக் கண்டுபிடித்தார். வாசலில் ஆளாளுக்கு, நான் முதலிலேயே சந்தேகப்பட்டேன் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

தெருமுனை வந்ததும் அப்பா நின்றார்.

"அது வேணாம்னு சொன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சும்மா. உன்னைத் தனியா அனுப்பப் பயம்."

"அதை என்கிட்டயே சொல்லியிருக்கலாமேப்பா. எனக்குந்தான் பயமா இருக்கு."

அப்பா அவளை ஏறிட்டுப் பார்த்தார். "காலைல பஸ் எத்தனை மணிக்கு?"

குடுவை அந்த அறையிலேயே கிடக்கிறது. பாசிக்குத் தலை கிடையாது. ஆனாலும் ஒரு விளக்கு வெளிச்சம் பட்டாலே வேலையைத் தொடங்கிவிடுகிறது. தலை உள்ளவர்களே, உங்களுக்கு எத்தனை விளக்கு வேண்டும்?