சத்தம் வரவில்லை, மகனே

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். நீ லினக்ஸ் என்ற இலவச சிஸ்டம் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டருக்குத்தான் சௌக்கியமில்லை. போனில் நான் சொல்வது தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, நடந்ததை ஒன்று விடாமல் எழுதி அனுப்பு என்றாய். எழுதுகிறேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பிழை பார்க்கிறார்.

உன் அத்தைக்குக் காது மந்தமானதிலிருந்து போனில் பேசுவது பேச்சாகவே இல்லை. நான் மூச்சு விடாமல் சொல்வதையெல்லாம் அவள் மகள் வாங்கி, அங்கே ஏதோ சைகை காட்டி, "நல்லா இருக்காங்களாம்" என்று ஒரே வார்த்தையில் மூட்டை கட்டித் திருப்பி அனுப்புகிறாள். அதனால்தான் முகம் பார்த்துப் பேச ஏற்பாடு கேட்டேன். நீ எழுதிக் கொடுத்த கட்டளைகளை அப்பா வாசிக்க நான் தட்டினேன். பாஸ்வேர்ட் கேட்டது. தட்டினால் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு கெட்டுவிட்டது என்று அப்பா ஓங்கி ஓங்கித் தட்ட, தப்பு என்று அது திருப்பித் திருப்பிச் சொல்ல, இரண்டு பேருக்கும் ரோஷம் வந்துவிட்டது. பிறகு கேமரா. என் முகம் தலைகீழாகத் தெரிந்தது. இந்த சிஸ்டத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று பெருமைப்பட்டாயே, அப்பாவும் திருத்தினார். கேமராவையே கவிழ்த்து, துணி மாட்டுகிற கிளிப்பில் தொங்கவிட்டார். நேரானேன்.

திரையில் அத்தை வந்தாள். முடி முழுக்க வெளுத்துப்போயிருந்தது. வாய் அசைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. அப்பா மேஜைக்கடியில் புகுந்து வயர்களை உருவிச் செருக ஆரம்பித்தார். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியுதாடி என்று கேட்டாள். தெரியுதுக்கா என்றேன், சத்தம் போடாமல், வாயை அகலத் திறந்து. அவள் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

நானும் அத்தையும் அந்தக் காலத்தில் மில்லில் பக்கத்துப் பக்கத்துத் தறி. தறி ஓடுகிற இரைச்சலில் அந்தக் கூடத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. உதடும் கண்ணும் விரலும்தான் பேச்சு. மேஸ்திரி வருகிறான் என்றால் மூக்கைத் தொடுவோம். நான் புதிதாகச் சேர்ந்தபோது அத்தை ஒருநாள் ஏதோ கேட்டாள். தறியைப் பார்த்துக்கொள்கிறாயா என்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். மறுவாரம் அவள் தம்பியோடு, அதாவது உன் அப்பாவோடு, பெண் பார்க்க வந்து நின்றாள். பிறகும் நான் ஆட்டிய தலையை நிறுத்தவில்லை. (அப்பா இந்த வரியை அடிக்கச் சொல்கிறார்.)

அன்றைக்கு அத்தையும் நானும் மகள் சுருக்கி அனுப்பியதையெல்லாம் விரித்துப் பேசித் தீர்த்தோம். மில்லை இடித்துவிட்டதைச் சொன்னேன். தெரியும் என்று கையசைத்தாள். "எல்லாம் ரொம்ப அமைதியாயிடுச்சுடி, தூக்கமே வரமாட்டேங்குது" என்றாள். "எனக்கும்தான்க்கா" என்றேன். இரண்டு பேரும் அழுதோம், பிறகு எதையோ நினைத்துச் சிரித்தோம். அப்பா மேஜைக்கடியிலிருந்து தலையை நீட்டி, என்ன சொல்கிறாள் என்றார். அவர் மில் ஆபீசில் இருந்தவர். தறிக்கூடம் பக்கம் வந்தாலே காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார், அவருக்கு எப்படி விளங்கும்? நல்லா இருக்காங்களாம் என்றேன்.

ஆகவே, சத்தம் வராத இந்தக் கோளாறை நீ உடனே சரிசெய்து தர வேண்டும். முடியாவிட்டால் லினக்ஸை எடுத்துவிட்டு, காசு கொடுத்து வாங்குகிற சிஸ்டத்தையே போட வேண்டும். இந்தப் பத்தி அப்பா சொல்லச் சொல்ல எழுதியது.

வேளைக்குச் சாப்பிடு. கண் விழிக்காதே. நினைத்ததெல்லாம் உனக்குக் கூடி வரட்டும்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: அப்பா குளிக்கப் போய்விட்டார். நேற்று அத்தையோடு மறுபடி பேசியபோதே சத்தம் வந்துவிட்டது. திரை மூலையில் ஒலிபெருக்கிப் படத்தின் மேல் ஒரு கோடு இருந்தது, அதைத் தொட்டேன், அவ்வளவுதான். காது கேட்காதவள் இல்லையா, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "என் தம்பி இன்னும் உன் உசிரை வாங்குறானா?" என்றாள். உடனே அந்தக் கோட்டைத் தொட்டு மறுபடி போட்டுவிட்டேன். நீ ஒன்றையும் சரிசெய்யாதே. அப்பா கேட்டால், லினக்ஸில் அது அப்படித்தான் என்று சொல்லிவிடு.