துபாய் ஏற்றம், சிட்னி இறக்கம்

கடலூர் மாவட்டத்திலேயே ஒரு தடவைகூட விமானம் ஏறாமல், உலகத்திலுள்ள அத்தனை விமானங்களையும் குறை சொல்லத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் ஃப்ளைட் பாய்தான். கடலூர் முதுநகரில் எனக்குப் பக்கத்து வீடு. கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் வெளிநாடு போகிறவர்களைத் தன் காரில் சென்னை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுவதும், வருகிறவர்களை அழைத்து வருவதும் அவர் தொழில்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரங்களைக் கழித்துப் பார்த்து அவர் ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்திருந்தார். சென்னையிலிருந்து துபாய் போக இரண்டரை மணி நேரம். துபாயிலிருந்து சென்னை வர ஐந்தரை. ஆகவே மேற்கே போவது இறக்கம், கிழக்கே வருவது ஏற்றம். போதாததற்கு வரும்போது எல்லாரும் போர்வையும் தைலமுமாக மூட்டை கட்டிக்கொண்டு ஏறுகிறார்கள், விமானம் முக்கி முனகித்தானே வரும் என்பார்.

சிதம்பரத்து இன்ஜினீயர் ஒருவர், அங்கே கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, போனாலும் வந்தாலும் நாலு மணி நேரம்தான், தூரமும் ஒன்றுதான் என்று திண்டிவனம் வரை விளக்கினார். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கேப்பர் மலை ஏறுறதும் எறங்குறதும்கூட ஒரே தூரம்தான் சார். நேரம் ஒண்ணா?" என்றார். இன்ஜினீயர் சென்னை வரும்வரை தூங்குவதுபோல் நடித்தார்.

இந்த விஞ்ஞானத்தின் கையில்தான் நஸ்ரின் கல்யாணம் சிக்கியது. பாயின் ஒரே மகள். சிதம்பரத்தில் கூடப் படித்த பையனுக்குச் சிட்னியில் வேலை. அவனைத்தான் கட்டுவேன் என்றாள். அவள் அம்மாவோ, துபாய் மாப்பிள்ளை என்றால் கிட்டே, சிட்னி கண்காணாத தேசம், அனுப்பவே மாட்டேன் என்று சாப்பிடாமல் படுத்துவிட்டார். பாய் எழுந்து நின்றார்.

"துபாயிலேர்ந்து புள்ள நம்ம வூட்டுக்கு வர்றது ஏத்தம். சிட்னியிலேர்ந்து முழுக்க எறக்கம். காலையில ஏறுனா ராத்திரி சோத்துக்கு வந்துடுவா. தம்பி படிச்சவரு, அவரையே கேளு."

எல்லாரும், விசாரிக்க வந்திருந்த என்னைப் பார்த்தார்கள். வழியில் விமானம் மாறுவதையும் சேர்த்தால், நிஜத்தில் அது துபாய்ப் பயணத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். சொல்ல வாயெடுத்தேன். பாய்க்குப் பின்னால் நின்ற நஸ்ரின், கெஞ்சும் கண்ணோடு உதட்டில் விரலை வைத்தாள். நல்ல இறக்கம்தான் என்று சொல்லிவிட்டேன். நிக்காஹ் பிரியாணி பற்றி முதுநகரில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் முதல் தடவை ஊருக்கு வந்தபோது நானும் காரில் போயிருந்தேன். நிற்கவே தெம்பில்லாமல் வந்தவள், "எறக்கத்துல வந்தேன் அத்தா, அலுப்பே இல்ல" என்று சொல்லிப் பின் சீட்டில் விழுந்து தூங்கிவிட்டாள். பாய் ஏசியைக் குறைத்தார். ஹாரன் அடிக்காமல் ஓட்டினார். செங்கல்பட்டு தாண்டியதும் மெதுவாகப் பேசினார்.

"பதினாலு மணி நேரம் ஒக்காந்தே வந்திருக்கா தம்பி, பாவம்."

"அப்ப ஒங்களுக்குத் தெரியுமா பாய்?"

"சிட்னிக்கு மட்டும்தான் அந்த இன்ஜினீயர் சொன்ன கடியாரக் கணக்கு. துபாய் இன்னிக்கும் ஏத்தம்தான்." கண்ணாடியில் மகளை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "புள்ள ஆசப்பட்டுடிச்சி. அவுங்கம்மாகிட்ட வேற எப்படிச் சொல்றது?"

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நானும் துபாய் ஏற்றம் என்றுதான் சொல்கிறேன். அந்த மனிதருக்காக உலகம் கொஞ்சம் சாய்ந்து கொடுத்தால் ஒன்றும் குறைந்துபோகாது.