நான் உழக்கிய கெட்டிமேளம்

முதன்முதலாக வாங்கிய பாட்டுக் கசெற் எது என்று கேட்டால் மனிதர்கள் கொஞ்சம் பொய் சொல்வார்கள். முதல் காதலைப் பற்றிக் கேட்டாலும் அப்படித்தான், உள்ளதைவிட ஒரு சுற்று வடிவாகச் சொல்வார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. நான் வாங்கிய கசெற்றையும் அது பாடிய இலட்சணத்தையும் ஒரு கலியாண வீடே இருந்து பார்த்தது. பார்த்தவர்களில் பாதிப் பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். (மற்றப் பாதியும் போகுமுன் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறது.)

யாழ்ப்பாணத்தில் சண்டையால் கரண்ட் இல்லாத காலம் அது. பற்றறியும் கிடையாது. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிள் வேண்டும். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றிப் பின்சில்லு நிலத்தில் படாமல் நிறுத்த வேண்டும். விளக்குக்கு இருக்கிற டைனமோவைச் சில்லோடு சாய்த்து, அதிலிருந்து ஒரு வயரைக் கசெற் ரேடியோவுக்குக் கொடுக்க வேண்டும். பிறகு ஒருவர் ஏறிப் பெடலை உழக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து இரசிக்கலாம். உழக்குகிறவனின் மூச்சுத்தான் பாட்டின் மூச்சு. அவன் களைத்தால் பாடகரும் களைப்பார். அவன் தண்ணீர் குடிக்க இறங்கினால் காதலனும் காதலியும் சரணத்தின் நடுவில் நின்று காத்திருப்பார்கள்.

சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டில் உழக்குகிற உத்தியோகம் எனக்கு. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு அப்பாவின் புகையிலைத் தோட்டத்தில் நின்றேன். இரவல் கசெற்றுகளாகக் கேட்டுக்கேட்டு, சொந்தமாக ஒரு சினிமாப் பாட்டுக் கசெற் வாங்கிவிட வேண்டும் என்று காசு சேர்த்து வந்தேன். அந்த நேரத்தில்தான் அக்காவுக்குக் கலியாணம் பொருந்தியது.

மாப்பிள்ளைக்குக் கரவெட்டி ஊர். மிக நல்லவர், கதை குறைவு. பயம் முழுக்க அவருடைய தாயாரைப் பற்றித்தான். தரகர் அவரைப் பற்றிச் சொன்னது இவ்வளவுதான்: "மனிசி கதைக்காது. பாக்கும்."

பார்த்தார்தான். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் கிணற்றைப் பார்த்தார், முகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தபோது மட்டும் ஒரு சின்னப் பெருமூச்சு விட்டதாக அம்மா இன்றைக்கும் சொல்வார். அப்பா எழும்பி நின்று, "ஒரு குறையும் இல்லாமல் செய்துவைப்பன்" என்று வாக்குக் கொடுத்தார்.

கலியாணத்துக்கு முதல்நாள் மேளகாரரிடமிருந்து ஆள் வந்தது. பாதை பூட்டியாச்சாம், அவர்களால் வர ஏலாதாம். பக்கத்து ஊர்களில் விசாரித்தால், நல்ல முகூர்த்த நாள், எல்லா மேளமும் ஏற்கெனவே பேசப்பட்டுவிட்டது. அப்பா பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார்.

"கெட்டிமேளம் இல்லாமல் தாலி கட்டினதெண்டு கரவெட்டி முழுக்கக் கதைப்பினம். அந்த நேரம் பாத்து ஆரும் தும்மித் துலைச்சால் என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கை என்னாகிறது?"

அவர் குரல் உடைந்ததை நான் அன்றுதான் கேட்டேன். உடனே நெஞ்சை நிமிர்த்தி, "அப்பா, மேளம் நான் கொண்டுவாறன்" என்றேன்.

சேர்த்த காசோடு கசெற் கடைக்குப் போனேன். நான் ஆசைப்பட்ட சினிமாக் கசெற் தட்டில் இருந்து என்னையே பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, மங்கல இசைக் கசெற் ஒன்று கேட்டேன். தாமரைப்பூவில் நாதஸ்வரம் சாய்ந்திருக்கிற அட்டைப்படம்.

"நல்லாப் பாடுமோ அண்ணை?"

"கசெற்றும் மாப்பிள்ளையும் ஒண்டு தம்பி" என்றார் கடைக்காரர். "வீட்டை கொண்டுபோய்ப் பாத்தாத்தான் தெரியும்."

அன்று பின்னேரம் முழுக்க நான் ஒரு எஞ்சினியர். பேனையைக் கசெற்றின் பல்லில் கொழுவிச் சுற்றி, கெட்டிமேளம் தொடங்குகிற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். உழக்க இலகுவாக இருக்கட்டும் என்று செயின் கவரைக் கழற்றிப் போட்டேன். (இந்த வரியை வாசகர் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும்.) செயினுக்குத் தாராளமாக எண்ணெய் விட்டேன். ஏறி உழக்கிக் காட்டியபோது முற்றம் அதிர்ந்தது. அம்மா ரேடியோவைப் பார்த்துக் கும்பிட்டார்.

அக்கா மட்டும் குசினி வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தம்பி, நாளைக்கு நீயெல்லோ தோழன்? பட்டு வேட்டியோடை உழக்கப் போறியோ?"

எங்கள் கலியாணங்களில் பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைக்குத் தோழன். மாப்பிள்ளையின் காலைக் கழுவி, மோதிரம் வாங்கி, தலைப்பாகையோடு அவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உழக்குவதற்கு வேறு ஆட்கள் இல்லாமலில்லை. ஊரிலுள்ள அத்தனை பொடியளும் கேட்டார்கள். ஆனால் கசெற் என்னுடையதல்லவா? வாழ்க்கையில் முதல் கசெற்றை வாங்கிவிட்டு, அதை இன்னொருவன் உழக்கப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வருமா?

"நீ தலையைக் குனிஞ்சுகொண்டு இரு அக்கா. மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றேன்.

விடிந்தது. மணவறைக்குப் பக்கத்தில் வாழைமரத்தோடு சைக்கிள் நின்றது. யாரோ அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். முகூர்த்தம் நெருங்க, நான் மாப்பிள்ளையின் பக்கத்திலிருந்து எழுந்து, அப்பாவின் கலியாணப் பட்டு வேட்டி சரசரக்கச் சீற்றில் ஏறி இருந்தேன். போருக்குப் புறப்படுகிற இளவரசன் என்று எனக்கு நினைப்பு. குதிரை மட்டும் ஸ்ராண்டில் நின்றது.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" ஐயர் கையை உயர்த்தினார்.

ரேடியோவின் பொத்தானை அமத்திவிட்டு உழக்கினேன். முதலில் வந்தது நாதஸ்வரம் இல்லை, கன்று போடுகிற எருமையின் குரல். வேகம் பிடித்தேன். எருமை மெல்ல மெல்ல நாதஸ்வரமானது, தவில் நிமிர்ந்தது, மாப்பிள்ளை தாலியோடு குனிந்தார். அந்த நேரம் பார்த்துச் செயின் என் வேட்டித் தலைப்பைக் கவ்வியது.

ஒரு இழுவை. தவில் முனகியது. நாதஸ்வரம் கிணற்றுக்குள் விழுவதுபோல இறங்கி இறங்கி நின்றுவிட்டது.

அப்படியொரு அமைதியை நான் பிறகு எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை. மாப்பிள்ளை தாலியை அந்தரத்தில் பிடித்தபடி. ஐயர் உயர்த்திய கை உயர்த்தியபடி. முன்வரிசையில் ஒரு கிழவர் தும்மலுக்கு மூக்கைச் சுருக்க, பக்கத்திலிருந்தவர் பாய்ந்து அவர் மூக்கைப் பொத்தினார். நான் வேட்டியை இழுக்கிறேன், செயின் விடவில்லை. தலைப்பாகை சரிந்து கண்ணை மூடிவிட்டது. ஒற்றைக் கண்ணால் பார்த்தால், அப்பா நிலத்தைப் பார்க்கிறார். மாப்பிள்ளையின் தாய், கரவெட்டி மாமி, என்னைப் பார்க்கிறார்.

மணவறையில் பெண் சாடையாக நிமிர்ந்தாலே ஒரு மாதத்துக்குக் கதைக்கிற ஊர் அது. அக்கா முழுதாக நிமிர்ந்தாள். நெற்றிச்சுட்டி ஆட, முதலில் மாப்பிள்ளையிடம், "நீங்கள் கொஞ்சம் பொறுங்கோ" என்றாள். (தன் புருஷனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.) பிறகு பந்தலின் கடைசி வரிசைவரை கேட்க, "தம்பி! வேட்டியைக் கழட்டி எறிஞ்சிட்டு உழக்கடா!"

அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு இல்லை. வேட்டியிலிருந்து வெளியே வந்தேன். செயினில் சிக்கிய துணியை இரண்டு பேர் கிழித்தெடுத்தார்கள். மேலே தலைப்பாகை, கீழே முழங்காலுக்கு மேல் நிற்கிற, தோட்டத்துக்குப் போடுகிற கட்டைக் களிசான், அதன் பின்பக்கத்தில் வேறு நிறத்தில் ஒரு ஒட்டு. அந்தக் கோலத்தில், மானம் போன பிறகு மனிதனுக்கு வருகிற ஒரு வேகம் இருக்கிறதே, அந்த வேகத்தில் உழக்கினேன். நாய் துரத்துவதுபோலத் தவில் ஓடியது. பின்னால் நாதஸ்வரம் மூச்சு வாங்க ஓடியது. தாலி ஏறியது. மூக்கை விடுவித்துக்கொண்ட கிழவர் தும்மினார், யாருக்கும் கேட்கவில்லை. அறுகரிசியில் பாதி மணமக்கள்மேல் விழுந்தது. மீதியை எனக்குக் குறிபார்த்து எறிந்தார்கள்.

நான் உழக்குவதை நிறுத்தியபோது, கதைக்காத அந்த மனிசி எழும்பி மணவறைக்கு வந்தார். அப்பா தோளிலிருந்த சால்வையைக் கையில் எடுத்தார். மாமி அக்காவின் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, நெடுநேரம் பார்த்தார்.

"உன்ரை குரல் இருக்கேக்கை, பிள்ளை, எங்களுக்கு மேளம் என்னத்துக்கு?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதே அன்றுதான் தெரியும் என்று கரவெட்டிக்காரரே சொன்னார்கள். அப்பா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அழுதாரோ தெரியாது.

அக்காவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நிமிர்வுதான் முதலில் வரும். பின்னாளில் சண்டை நெருங்கி ஊரே இடம்பெயர்ந்து நடந்தபோது, கால் ஏலாத மாமியைக் கரியரில் இருத்தி அவள்தான் சைக்கிள் உழக்கிப் போனாள். மேட்டில் அவளுக்கு மூச்சு வாங்கியபோது, பின்னாலிருந்து மாமி முதுகைத் தடவி, "உழக்கு பிள்ளை, உனக்குச் சிக்கிறதுக்கு வேட்டியும் இல்லை" என்றாராம். அந்த நேரத்திலும் இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். இப்படி இரண்டு பேரைச் சேர்த்துவைத்த கசெற் அது. சினிமாப் பாட்டு வாங்கியிருந்தால் நடந்திருக்குமா?

அண்மையில் அக்காவின் மகளுக்குக் கலியாணம். பெரிய மண்டபம், குளிரூட்டி, மைக் பிடித்த அசல் மேளம், கரண்ட் போனால் ஜெனரேற்றர். ஐயர் கையை உயர்த்தினார், "கெட்டிமேளம்!" தவில்காரர் மைக்கைத் திருப்பிவைக்க ஒரு கணம் பிந்தினார். அந்த ஒரு கணத்தில் எங்கள் சொந்தக்காரர் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் முகத்தை அல்ல, வேட்டியை.

அக்கா மட்டும் மகளைப் பார்த்தாள். மகள் தலையைக் குனியவே இல்லை.

கதை குறைவான அத்தான் மணவறையிலிருந்து என் பக்கம் சரிந்து, காதோடு கேட்டார்:

"மச்சான், உள்ளுக்குக் களிசான் போட்டிருக்கிறீரோ?"

போட்டிருந்தேன்.