மாப்பிள்ளை போட்டுத் தந்த லினக்ஸ் மீது ஒரு புகார்

மிகுந்த மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். கம்ப்யூட்டரும் சுகம். புகாரே அதைப் பற்றித்தான்.

நம் அச்சகத்துக் கம்ப்யூட்டர் முன்பெல்லாம் எப்படி இருந்தது! வாராவாரம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, பிரிண்டரை யாரென்றே தெரியாது என்று சாதிக்கும். கல்யாணப் பத்திரிகையில் மணமகள் பெயர் கட்டம் கட்டமாக வரும். நான் போன் செய்வேன், ஞாயிற்றுக்கிழமை நீங்களும் மகளும் வந்து நிற்பீர்கள். நீங்கள் மேசைக்கடியில் தலையை விட்டுக்கொண்டிருக்க, நான் டார்ச் பிடிப்பேன். என்ன பேச்செல்லாம் பேசினோம்! அப்புறம் அந்தப் பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டு இந்த லினக்ஸைப் போட்டீர்கள். "லினக்ஸ்ல பல வகை இருக்கு மாமா. இது வேற எதையும் ஒட்டிப் பிறந்ததில்ல, தனியா உருவாக்கினது. புதுசு புதுசுன்னு ஓடாது, இருக்கறதக் கெடுக்காது. பத்திரிகை அடிக்கலாம், பாட்டு கேக்கலாம், எல்லாத்துக்கும் ஆகும்" என்றீர்கள். சொன்னபடியே இருக்கிறது. அன்றிலிருந்து அதுவும் கெடவில்லை, நீங்களும் வரவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. பல் டாக்டரின் விசிட்டிங் கார்டைத் தயார் செய்துகொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினேன். தவறிப்போய் அத்தையின் மின்விசிறி பிளக்கும் கையோடு வந்து, அவள் மதியத் தூக்கம் கலைந்து, எனக்குக் கிடைத்த அர்ச்சனை தனி. கம்ப்யூட்டரோ எழுந்து வந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாமா என்று கேட்கிறது. அந்தப் பொறுமையைப் பார்த்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. கடைசியில் நேற்று வீடியோ காலில், "திரை செத்துப்போச்சு மாப்ள, ஒண்ணுமே தெரியல" என்று அழாக்குறையாகச் சொன்னேன். நீங்கள், "அப்படியா மாமா? இப்ப அந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்துதானே பேசறீங்க?" என்றீர்கள். பக்கத்தில் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது பளிச்சென்று தெரிந்தது.

பேசி முடித்ததும் அத்தை பிடித்துக்கொண்டாள்: "புள்ளைங்கள வரச்சொல்றதுக்கு மெஷினக் கெடுக்கணுமா? உங்களுக்கு வாய் இல்லையா?" வாய் இருக்கிறது மாப்பிள்ளை. அந்த ஒரு வார்த்தைதான் அதில் வரமாட்டேன் என்கிறது. ஆயிரம் வேலை இருக்கிற மனுஷனை வேலையே இல்லாமல் எப்படிக் கூப்பிடுவதாம்?

ஆகவே, வருகிற ஞாயிறு வந்து லினக்ஸை எடுத்துவிட்டுப் பழையதையே போட்டுத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இருவரும் எல்லா நலமும் பெற்று, நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பின்குறிப்பு: அத்தை இதைப் படித்துவிட்டாள். லினக்ஸை எடுக்க வேண்டாம். பத்திரிகை வேலை தலைக்குமேல் கிடக்கிறது, பழையதை யார் நம்புவது? வந்தால் அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே போகாதீர்கள். சும்மா வாங்க, ரெண்டு பேரும்.